மஞ்சள் குழாயில் ஓர் ஆசான்

அக்காவின் இடது காது போன வருஷமே ராஜினாமா கொடுத்துவிட்டது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

காது டாக்டர் விளக்கடித்து உள்ளே பார்த்தார். விளக்கை அணைத்தார். பிறகு சட்டைப்பையில் இருந்த பேனாவை மேசை முழுக்கத் தேடினார். டாக்டர்கள் இப்படித் தேட ஆரம்பித்தால் சொல்லப்போவது நல்ல சேதியாக இருக்காது என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு அக்காவுக்கும் ஆஸ்பத்திரிப் பழக்கம் உண்டு. ஜவ்வு கிழிந்து கிழிந்து ஒட்டியிருக்கிறது, பஞ்சர் கடைக்காரர்கூட இந்த ட்யூபுக்கு இனிமேல் ஒட்டுப் போடமாட்டார் என்றார் அவர். தண்ணீருக்குள் இறங்கும்போது வருகிற அழுத்தம்தான் ஆகாது. இன்னொரு தடவை நன்றாகக் கிழிந்தால் அந்தப் பக்கம் சத்தம் என்ற ஒன்றே இருக்காது, நின்றால் தலை சுற்றுகிற சீக்கும் சேர்ந்துகொள்ளும். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னாள். டாக்டர் மறுபடியும் பேனாவைத் தேடப் போய்விட்டார்.

வேலை இதுதான். வருகிறவர்களை நடுக்கடலுக்குக் கூட்டிப்போய், முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டி, கீழே இறக்கி, பாய் விரித்த மாதிரி நீந்துகிற பெரிய திருக்கை மீன்களைக் காட்டி, உயிரோடு மேலே கொண்டுவருவது. கடைசியாகச் சொன்னதுதான் வேலையே. ஆனால் விளம்பரப் பலகையில் திருக்கைக்குத்தான் இடம் கிடைக்கும். இருபது வருஷமாக இதைச் செய்கிறவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான், மேலே வந்ததும் அவள் தோளிலேயே வாந்தி எடுத்தவர்களும் அப்படித்தான்.

கடை அவள் தங்கை புருஷனுடையது. 'ஆழ்கடல் ஆன்ம அனுபவ மையம்' என்ற பலகை கடையைவிட அகலம். இரண்டு பக்கமும் பக்கத்துக் கடைக்காரர்களின் சுவர்மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். உள்ளே போனால் ஆன்மா எதுவும் தட்டுப்படாது. ஈர ரப்பர் வாடை, என்றைக்கும் காயாத நீச்சல் உடுப்புகள், ஒரு கால் உடைந்து செங்கல்மேல் நிற்கும் சோபா. பின்பக்கம் கம்ப்ரஸர் அறை. சிலிண்டர்களுக்குக் காற்று அடைக்கிற இயந்திரம் அங்கேதான் ஓடும். வெக்கை, எண்ணெய் நாற்றம், பேசினால் பேசினவருக்கே கேட்காத இரைச்சல். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் மகன் வீட்டோடு போய்விட்டார். அந்த இடத்துக்குத்தான் அக்கா ஆசைப்பட்டாள். அந்த அறைக்கு இருந்த ஒரே சிறப்பு, அது தரைமட்டத்தில் இருந்தது. காதுமூடி போட்டுக்கொண்டால் சத்தம் ஒன்றும் செய்யாது, ஆழம்தான் கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

தங்கை புருஷன் மறுக்கவில்லை. அவர் எதையும் மறுக்கிற ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு, அப்புறம் என்று ஒரு வார்த்தை சேர்ப்பார்.

"இந்த ஒரு பார்ட்டியை மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்க அக்கா. அப்புறம் அந்த ரூம் உங்களுது."

அந்த ஒரு பார்ட்டிதான் ஆசான்.

ஆசான் மூச்சு சொல்லிக்கொடுப்பவர். பெரிய பெரிய கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளை அவரிடம் அனுப்பி மூச்சு விடக் கற்றுக்கொள்ளச் சொல்லின. பிறந்த நாளிலிருந்து அவர்கள் அதைத் தப்பாகவே செய்துவந்திருப்பதாக அவர் கண்டுபிடித்திருந்தார். வெள்ளை வெளேரென்ற தொளதொள உடுப்பு. வயிற்றிலிருந்து வருகிற குரல். மற்றவர்கள் பத்து மூச்சு விடுகிற நேரத்தில் தான் ஒரு மூச்சில் இருப்பதாக அவரே சொன்னார். எண்ணிப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கூடவே செயலாளர் அம்மா ஒருவர், இரண்டு கைபேசிகளோடு. ஆசான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும் ஆசானுக்குத் தாகமாக இருக்கிறது என்பதை அந்த அம்மாதான் அறிவிப்பார். மூன்றாவது ஆள் கேமராக்காரர். கல்யாணம், கடைதிறப்பு, கடலடி எதுவானாலும் ஒரே முகத்தோடு படம் பிடிக்கிறவர்.

ஆசான் 'கடல் மூச்சு' என்று புதிதாக ஒரு வகுப்பு தொடங்கப்போகிறார். அதற்கு ஒரு படம் வேண்டும். நடுக்கடல், கீழே அடி தெரியாத நீலம், தலைக்கு மேல் பிரம்மாண்டமான திருக்கை, நடுவே சலனமே இல்லாமல் ஆசான். போஸ்டர்கூட அடித்தாகிவிட்டது. திருக்கைக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

படகை ஓட்டுகிறவர் அக்காவின் சொந்தச் சித்தப்பா. முதல் நாள் காலை கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும், எல்லோரும் கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்றார் ஆசான். ஓட்டுகிறவனும் மூட வேண்டுமா என்று சித்தப்பா மரியாதையாகவே கேட்டார். பிரபஞ்சம் ஓட்டிக்கொள்ளும் என்று பதில் வந்தது. பிரபஞ்சம் கொஞ்ச நேரம் ஓட்டியதில் படகு சரக்குக் கப்பல்கள் போகிற பாதையில் போய் நின்றது. ஒரு கப்பல் ஊதிய ஊதலில் ஆசான்தான் முதலில் கண்ணைத் திறந்தார்.

அவர்கள் போகிற இடத்துக்குப் படகுக்காரர்கள் வைத்த பெயர் சலூன். நடுக்கடலில் தண்ணீருக்கடியில் ஒரு பாறைக் குன்று. அதன் உச்சியே ஆறு மாடி ஆழத்தில் இருக்கும். சுற்றிலும் ஒன்றும் கிடையாது, நீலம்தான். அந்த உச்சியில் விரல் நீளச் சின்ன மீன்கள் கடை போட்டிருக்கும். திருக்கைகள் எங்கிருந்தோ வந்து அதற்கு மேலே அசையாமல் மிதக்கும். சின்ன மீன்கள் அவற்றின் தோலில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைக் கொத்திச் சுத்தம் செய்யும். மனிதர்கள் ஓரமாகப் பாறையைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். குமிழி கொப்பளித்துக் கலவரம் பண்ணினால் திருக்கை திரும்பிப் போய்விடும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆக, காத்திருக்க வேண்டும். காத்திருக்கக் காற்று வேண்டும்.

கயிற்றைப் பிடித்து இறங்கிய நொடியிலிருந்தே ஆசான் காற்றைக் குடித்தார். மூச்சு விடுகிற மாதிரி இல்லை, மாடி ஏறி வந்தவர் சொம்பைக் கவிழ்க்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் தலைக்கு மேல் ஒரு குமிழிக் கோபுரம் எழுந்து உடைந்தது. அவர் இடுப்பில் தொங்கிய அளவுமானியை அக்கா எடுத்துப் பார்த்தாள். முள் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொண்டே இறங்க வேண்டும். வலது காது பொட்டென்று திறந்தது, இடது காதில் யாரோ காய்ச்சிய ஊசியை வைத்து மெல்லத் திருகினார்கள். பாறையில் கை வைத்துச் சற்று நேரம்கூட ஆகவில்லை, ஆசானின் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஒருவர் முள் சிவப்புக்கு வந்தால் எல்லோரும் மேலே போக வேண்டும். அதில் ஆசான், அடிமுட்டாள் என்ற பேதம் கிடையாது.

மேலே வந்த பிறகு பேசுவதற்கு அந்தப் படகில் ஒரு முறை உண்டு. வந்தவர்மேல் என்றைக்கும் தப்பு சொல்லக் கூடாது. கடல்மேல் சொல்ல வேண்டும். கடல் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடாது. அதன்படி, கீழே நீரோட்டம் சரியில்லை என்றாள் அக்கா. ஆசான் அதை வாங்கிக்கொண்டு ஒரு படி மேலே போனார். கேமராவைப் பார்த்து, கடல் இன்று நமக்குத் தயாராக இல்லை என்றார்.

கடலுக்குத் தயாராகக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துவிட்டு மறுபடி இறங்கினார்கள். மறுபடியும் அதே கதை. இம்முறை மேலே வந்ததும் சிலிண்டர் ஒழுகுகிறது என்று செயலாளர் அம்மா அறிவித்தார். ஆசான் அளவு ஞானம் உள்ளவர் இவ்வளவு சீக்கிரம் காற்றைத் தீர்க்க வாய்ப்பே இல்லையாம். சித்தப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் சோப்புத் தண்ணீர் கலக்கி, சிலிண்டர் கழுத்து முழுக்கத் தடவி, ஒரு குமிழிகூட வராததை நெடுநேரம் பார்த்தார். பிறகு அக்காவின் நல்ல காதுப் பக்கம் வந்து குனிந்தார்.

"லீக் இருக்குதும்மா. ஆனா சிலிண்டர்ல இல்ல."

அக்காவுக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை. அவள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒரே மூச்சில் இழுப்பது வெறும் காற்று இல்லை. அவர் எத்தனை சீக்கிரம் தீர்க்கிறாரோ அத்தனை தடவை மேலே வந்து மறுபடி இறங்க வேண்டும். இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அவள் காதிலிருந்து கொஞ்சம் போகும். ஊருக்கெல்லாம் மூச்சு சொல்லிக்கொடுக்கிறவர் அவள் காதால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் கடையில் தங்கை புருஷன் செங்கல் சோபாவில் உட்கார்ந்து யோசித்தார். யோசிக்கும்போது அவர் முழங்கால் தானாக ஆடும். நாளைக்கும் திருக்கை கிடைக்கவில்லை என்றால் ஆசான் அடுத்த ஊர்க் கடைக்குப் போய்விடுவார் என்றார். இருப்பதிலேயே பெரிய சிலிண்டர் எது என்று கேட்டார். அதைத்தான் கட்டியிருக்கிறோம் என்றாள் அக்கா. பிறகு, நாளைக்கு ஒரே இறக்கத்தில் முடிக்க வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது என்று மஞ்சள் குழாயைப் பற்றிச் சொன்னாள்.

கடலுக்குள் போகிற ஒவ்வொருவர் சிலிண்டரிலும் தன் வாய்க்கு ஒரு குழாய் போக, இன்னொரு நீளமான மஞ்சள் குழாய் உபரியாகத் தொங்கும். காற்றுத் தீர்ந்து தவிக்கிறவர்களுக்குக் கொடுப்பதற்கு. பேராசைக்காரர்களைக் கூட்டிப்போகும்போது வழிகாட்டிகள் அதை வேறு மாதிரியும் பயன்படுத்துவார்கள். கீழே போனதும் கையைக் கோத்துக்கொண்டு, நம்முடைய மஞ்சள் குழாயை அவர் வாயில் கொடுத்துவிடுவது. காத்திருக்கும் நேரம் முழுக்க அவர் நம் காற்றைக் குடிப்பார். அவருடையது மேலே வருவதற்கு மிச்சம் இருக்கும். புது மாப்பிள்ளைகள் பலருக்கு அக்கா இப்படிப் புகட்டியிருக்கிறாள். அவள் காற்று அவளுக்கு எப்போதும் தாராளம். எத்தனை நேரம் கீழே இருந்தாலும் பாதிச் சிலிண்டரோடு வருகிறவள் என்று மற்றக் கடைகளில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இருபது வருஷத்தில் அவள் சேர்த்த பேர் அது ஒன்றுதான். பலகையில் எழுதாத பேர்.

இதை ஆசானிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. தங்கை புருஷனுக்கு அதெல்லாம் கைவந்த கலை. செயலாளர் அம்மாவைக் கூப்பிட்டு, நாளைக்கு 'இரட்டை மூச்சு முறை'யில் இறங்கலாமா என்று கேட்டார். சற்று நேரத்தில் பதில் வந்தது. அதை ஆசான் பல வருஷமாகக் கற்பித்து வருகிறாராம்.

கைபேசியை வைத்த கையோடு அவர் இன்னொரு சேதியும் சொன்னார். படம் நன்றாக வந்தால் ஆசான் சீசன் முழுக்க ஆள் அனுப்புவார். ஒவ்வொரு வகுப்புக்கும் முப்பது அதிகாரிகள். எல்லோருக்கும் இறக்கம் உண்டு.

"அவருக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்கு அக்கா. உங்ககிட்ட ஒரு அமைதி இருக்காம். என்ன பேசினாலும் அலட்டிக்காம கேட்டுக்கறீங்களாம்."

"அது அமைதி இல்ல மாப்பிள்ள. அவர் என் இடது பக்கம் நின்னு பேசினார்."

அவர் சிரித்தார். அந்த ரூம் என்ன ஆச்சு என்று அவள் கேட்டபோது சிரிப்பை நிறுத்தாமலே சொன்னார், ரூம் எங்கே எழுந்து போய்விடப் போகிறது, இந்த ஒரு சீசன், அப்புறம் என்று. டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியாமல் இல்லை. தங்கைக்கும் தெரியும். தெரிந்தவர்கள் எல்லோருமே நல்லவர்கள். அவளுக்குக் காதில் ஊற்றச் சொட்டு மருந்து வாங்கி வைத்திருந்தார்கள்.

அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். திருக்கை வராவிட்டால் வருகிறவரை இறங்க வேண்டும். வந்துவிட்டால் சீசன் முழுக்க இறங்க வேண்டும். இதில் எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் தூங்கிப்போனாள்.

மறுநாள் கடல் பளிங்காக இருந்தது. பழிபோட இடமே இல்லாத கடல். இறங்கும்போது இடது காது இந்த முறை ஊசியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. உள்ளே என்னவோ ஈரமாக நகர்ந்தது. நீலம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அக்கா கயிற்றைப் பிடித்துக் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு பாறையோரம் ஆசானின் கையைத் தன் கையோடு கோத்து, மஞ்சள் குழாயை அவர் வாயில் வைத்தாள். அவர் இழுக்கிற ஒவ்வொரு இழுப்பும் அவள் முதுகுச் சிலிண்டரில் நடுங்கியது. காத்திருந்தார்கள். சின்ன மீன்கள் வாடிக்கையாளர் இல்லாத கடைக்காரர்களாக அங்குமிங்கும் போய்வந்தன.

பிறகு நீலத்தின் ஒரு பகுதி கொஞ்சம் கறுத்தது. கறுத்தது அசைந்தது. அசைந்தது இறக்கையானது. ஒரு அறையின் அகலத்துக்கு ஒரு திருக்கை, அவசரமே இல்லாமல், அவர்கள் தலைக்கு மேலே வந்து நின்றது. வெள்ளை வயிறு, அதில் மை தெறித்த மாதிரிப் புள்ளிகள், திறந்து மூடும் செவுள் கீற்றுகள். ஒரு கண் பக்கவாட்டில் உருண்டு அவர்களைப் பார்த்தது. பார்த்துவிட்டு, இவர்கள் நமக்குச் சம்பந்தமில்லாதவர்கள் என்று முடிவு செய்து, சின்ன மீன்களுக்கு உடம்பைக் கொடுத்தது.

ஆசானின் கை அக்காவின் கையை இறுக்கிற்று. மாஸ்க்குக்குள் அவர் கண்கள் விரிந்திருந்தன, சின்னப் பிள்ளைக்கு விரிகிற மாதிரி. குமிழிக் கோபுரம் நின்றது. சிறிதாக, நிதானமாக, எல்லோரும் விடுகிற மாதிரி ஒரு மூச்சு வந்தது. அப்புறம் இன்னொன்று. அந்தச் சில நிமிஷங்கள் அவர் யாருக்கும் ஆசானாக இல்லை, நன்றாகவும் இருந்தார். அக்கா திருக்கையைத் தாமதமாக வந்த பஸ்ஸைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். வந்ததே போதும், ஏறி உட்கார்ந்தால் சரி. கேமராக்காரர் ஒரே முகத்தோடு எல்லாவற்றையும் பிடித்தார்.

மேலே வந்ததும் ஆசான் மறுபடி வயிற்றுக் குரலுக்குத் திரும்பினார். கேமராவின் சின்னத் திரையைச் சுற்றி எல்லோரும் குனிந்தார்கள். திருக்கை இருந்தது. நீலம் இருந்தது. ஆசான் நடுவில் இருந்தார். நடுவில் இருந்த ஆசானின் வாயிலிருந்து ஒரு மஞ்சள் குழாய் புறப்பட்டு, திருக்கையின் வெள்ளை வயிற்றுக்குக் குறுக்கே பளிச்சென்று வளைந்து, பக்கத்திலிருந்த பெண்பிள்ளையின் கக்கத்துக்குள் போய் மறைந்தது. ஒரு இடம் விடாமல், முதலிலிருந்து கடைசி வரை.

குழாயை எடுத்துவிட முடியுமா என்று செயலாளர் அம்மா கேட்டார். கேமராக்காரர் அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"குழாயை வெட்டினா திருக்கையும் பாதி போயிடும். ஆசானை வேணா வெட்டலாம்."

ஆசான் துண்டைப் போர்த்திக்கொண்டு படகின் மூக்கில் போய் உட்கார்ந்தார். முதுகு கூனியிருந்தது. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். திரும்பி வந்தபோது முதுகு நிமிர்ந்திருந்தது. வயிற்றுக் குரலில் இல்லாமல், தொண்டையிலிருந்து வருகிற சாதாரணக் குரலில் அக்காவிடம் கேட்டார்.

"கீழ உங்களுக்கு ஏதோ ஆச்சு இல்ல? இறங்கும்போது நின்னுட்டீங்க. கண்ணை மூடினீங்க. நான் பார்த்தேன்."

கேட்டதோடு சரி. அதற்கு மேல் செயலாளர் அம்மா எடுத்துக்கொண்டார். ஒரு குழாய், இரண்டு பேர். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? நடுக்கடலில் வழிகாட்டிக்குக் காற்றுத் தீர்ந்துவிட்டது. ஆசான் பதறவில்லை. தன் மூச்சைப் பாதியாகக் குறைத்து மீதியை அவளுக்குக் கொடுத்தார். தலைக்கு மேல் திருக்கை சாட்சி. பாதி சொல்லும்போதே ஆசான் தலையை ஆட்டத் தொடங்கியிருந்தார். முடிக்கும்போது அவர் கண் கலங்கிவிட்டது. தான் செய்த காரியம் அவரையே தொட்டுவிட்டது.

அக்கா ஒரு வார்த்தை கேமராமுன் சொன்னால் போதும் என்றார்கள்.

சித்தப்பா இன்ஜினை அணைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் இன்ஜினைத்தான் அணைப்பார். அந்த நிசப்தத்தில் அக்காவின் இடது காது கொய்யென்று இரைந்துகொண்டிருந்தது. அவள் தன் அளவுமானியைப் பார்த்தாள். இரண்டு பேருக்குக் கொடுத்த பிறகும் முள் சிவப்பிலிருந்து தள்ளித்தான் நின்றது. காற்றுத் தீர்ந்த வழிகாட்டி. குடித்துவிட்டு ஓட்டிய டிரைவர் என்றால்கூட ஒரு பக்கம் மன்னிப்பார்கள். இருபது வருஷத்துப் பேர் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். அந்தப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. முப்பது முப்பது பேராகக் கொண்டுவந்து அதன்மேல் இறக்குவார்கள்.

"ஆமா. எனக்குக் காத்துத் தீர்ந்து போச்சு. ஆசான்தான் குடுத்தார்," என்றாள்.

கொஞ்சம் உணர்ச்சியோடு இன்னொரு தடவை என்று செயலாளர் அம்மா கேட்டுக்கொண்டார். இன்னொரு தடவையும் சொன்னாள். முகத்தில் உப்புத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் அதிகம் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. கரை வரும்வரை சித்தப்பா அவள் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் தங்கை புருஷன் வாசலுக்கே வந்து வரவேற்றார். படத்தை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். யாருக்கு வரும் இந்த மனசு, குடும்பத்துக்காக எவ்வளவு பெரிய காரியம் என்று நெகிழ்ந்தார். தங்கையைக் கூப்பிட்டு அக்காவுக்கு ஏதாவது குடிக்கக் கொடுக்கச் சொன்னார். அது வருவதற்குள் சீசனுக்கு வந்துவிட்டார். முதல் முப்பது பேர் அடுத்த மாதம். எந்த நாள் வசதி என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

"காத்துத் தீர்ந்து போன பொம்பளகிட்ட யாரு மாப்பிள்ள உசிரை ஒப்படைப்பா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. ஆடிக்கொண்டிருந்த முழங்கால் நின்றபோது புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"உண்மை என்னன்னு நமக்குத் தெரியுமில்ல அக்கா?"

"நமக்குத் தெரிஞ்சு என்ன பண்ண? வர்றவங்களுக்கு வீட்ல பொண்டாட்டி புள்ள இருக்கு. அவங்க படத்தைத்தானே பார்த்திருப்பாங்க?"

அதைச் சொல்லும்போது அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை. உட்கார இடம் தேடுகிறவள் குரல்தான் இருந்தது. சோபாவின் உடைந்த பக்கம்தான் காலியாக இருந்தது, அங்கேயே உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் செயலாளர் அம்மாவின் அழைப்பு வந்தது. படம் எங்கேயோ போய்விட்டதாம், லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்களாம், வகுப்புகள் உறுதி. ஆனால் ஆசானுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அந்த அம்மா மட்டும் வேண்டாம். நல்லவர்தான், பாவம்தான், இருந்தாலும் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது.

தங்கை புருஷன் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு பெண்ணை வழிகாட்டியாகப் பேசி எடுத்தார். முதல் நாள் அவள் சிலிண்டர் எடுக்க, இப்போது அக்காவுடையதாகிவிட்ட கம்ப்ரஸர் அறைக்கு வந்தாள். படத்தைப் பார்த்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. எந்தக் குழாய் யார் முதுகிலிருந்து வருகிறது என்று தொழில் தெரிந்தவர்களுக்குப் பார்த்ததும் தெரியும். அவள் கேட்க வாயெடுத்தாள். அக்காவின் காதுமூடியைப் பார்த்தாள். கேட்காமல் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனாள். தொழில் தெரிந்தவர்கள் சிலருக்காவது தெரியும் என்பது அக்காவுக்கு ஆறுதலா, இன்னும் கொஞ்சம் அவமானமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சித்தப்பா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினார், ஆனால் சிலிண்டரைப் பற்றி மட்டும்.

டாக்டர் மறுபடி விளக்கடித்துப் பார்த்தார். அந்தக் கடைசி இறக்கம் கொஞ்சம் தின்றிருக்கிறது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். இந்தத் தடவை பேனாவைத் தேடவில்லை.

முதல் வகுப்பு வந்த அன்று கடை நிறைந்துவிட்டது. ஒரே மாதிரி வெள்ளை பனியன், மார்பில் 'கடல் மூச்சு'. அவர்கள் கடலுக்குப் போவதற்குள் முப்பது சிலிண்டரும் நிறைய வேண்டும். அக்கா வியர்த்து வழிந்துகொண்டு குழாய்களை மாற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது தோளை யாரோ தொட்டார்கள். திரும்பினாள். வழுக்கைத் தலையும் கருணை நிரம்பிய முகமுமாக ஒரு அதிகாரி. வங்கியில் பெரிய பதவி என்று பிற்பாடு தெரிந்தது. அவர் உதடு அசைந்தது. அக்கா காதுமூடியை வலது பக்கம் மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டாள்.

"நீங்கதானே அந்த அக்கா? படத்துல..."

அவள் ஆமாம் என்றாள்.

அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். அவளுக்கு நேர்ந்தது யாருக்கும் நேரலாம், வெட்கப்பட வேண்டியதில்லை என்றார். அவரும் முன்னே இப்படித்தான் இருந்தாராம், மேலோட்டமாக, பதற்றமாக. நேற்றுத்தான் சரியாயிற்றாம். அவளுக்கு ஒரு நிமிஷம் இருந்தால் சொல்லிக்கொடுக்க முடியும். பயப்பட ஒன்றும் இல்லை.

அறை வாசலில் சித்தப்பா காலி சிலிண்டர்களோடு வந்து நின்றார். உள்ளே நடப்பதைப் பார்த்தார். அக்கா சொல்லிவிடுவாள் என்று அவர் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு எழுந்தது. அக்கா யோசித்தாள். சொல்வதற்குக் குழாயிலிருந்து தொடங்க வேண்டும். அப்புறம் திருக்கை, சலூன், காது, மாப்பிள்ளை, சீசன். எவ்வளவு பேச வேண்டியிருக்கும். இந்த இரைச்சலில்.

"மூக்கால இழுங்க. மெதுவா. நாலு எண்ணுற வரைக்கும்," என்றார் அதிகாரி, கையை மேலே தூக்கிக் காட்டி.

அக்கா வலது காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, சொன்னபடி இழுத்தாள்.